பண்பாடும் வளர்ப்பும்: ஒரு சொல்லின் கூட்டுகள்

நுழையும்முன்

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டுவரும்போது அகராதி தரும் பொருள் மட்டும் போதுவதில்லை. அச்சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதே அதன் பொருளை உறுதிசெய்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கல்ச்சர்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். வயலிலும் ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் நாளிதழிலும் அது வெவ்வேறு சொற்களோடு கூடி வெவ்வேறு பொருள் தருகிறது. அக்கூட்டுகளைப் பிழையின்றித் தமிழாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

உழவில் பிறந்த சொல்

'கல்ச்சர்' என்பதன் வேர், இலத்தீன் மொழியில் உள்ள 'கோலெரே' என்னும் வினைச்சொல்லாகும். நிலத்தை உழுது பேணுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், தெய்வத்தைப் போற்றுதல் ஆகியன அவ்வினைக்குரிய பொருள்கள். உழுதல் என்னும் பொருளிலிருந்து வேளாண்மையைக் குறிக்கும் 'அக்ரிகல்ச்சர்' தோன்றியது. குடியிருத்தல் என்னும் பொருளிலிருந்து, நாம் நாள்தோறும் வழங்கும் 'காலனி' என்னும் சொல் பிறந்தது. போற்றுதல் என்னும் பொருளிலிருந்து வழிபாட்டு முறையைக் குறிக்கும் 'கல்ட்' உருவானது.

இம்மூன்று பொருள்களையும் ஓர் ஊரிலேயே காணலாம். காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித் தாமல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெரிய ஏரி வயல்களுக்கு நீர் தருகிறது. வயலை நம்பிக் குடியிருப்புகள் அமைந்தன. குடியிருப்பின் நடுவே வராகீசுவரர் கோயில் நிற்கிறது. ஏர், ஊர், கோயில் ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தியே இலத்தீன் மொழியினர் அந்த ஒரு வினையை வழங்கினர். தமிழர் வாழ்விலும் அத்தொடர்பு இயல்பாக அமைந்திருப்பதைத் தாமல் போன்ற ஏரிப்பாசன ஊர்கள் காட்டுகின்றன.

நிலத்தைப் பண்படுத்துவதுபோல மனத்தையும் பண்படுத்த இயலும் என்னும் கருத்தைக் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் சிசரோ வெளியிட்டார். மெய்யியலை அவர் மனத்தின் உழவாகக் கண்டார். பிற்காலத்தில் அச்சொல்லின் பொருள் மேலும் விரிந்தது. 1871இல் இங்கிலாந்து மானிடவியல் அறிஞர் எட்வர்டு டைலர், அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என ஒருவர் சமூகத்தில் வாழ்ந்து பெறும் அனைத்தையும் அச்சொல்லுக்குள் அடக்கினார். இவ்வாறு நிலம், மனம், சமூகம் என்னும் மூன்று தளங்களிலும் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

தமிழில் ஒரு சொல் உருவாதல்

சமூகம் சார்ந்த பொருளில் வரும் 'கல்ச்சர்' என்பதற்கு இணையாகப் 'பண்பாடு' என்னும் சொல்லை 1937இல் இரசிகமணி டி.கே.சிதம்பரநாதர் வழங்கினார் என்பர். சொல் புதியதாயினும் அதன் வேர் பழையது. பிறர் இயல்பை அறிந்து ஒழுகுவதே பண்பு எனக் கலித்தொகை விளக்குகிறது. நிலத்தைப் பண்படுத்துதல் என்பது உழவர் வழக்கு. எனவே, உழவையும் உள்ளத்தையும் இணைக்கும் இலத்தீன் வேரின் இயல்பு தமிழ்ச்சொல்லிலும் பொருந்தி நிற்கிறது. வடசொல் வழி வந்த 'கலாச்சாரம்' என்பதும் பேச்சிலும் இதழ்களிலும் வழங்கி வருகிறது.

ஆயினும், 'கல்ச்சர்' வரும் இடமெல்லாம் 'பண்பாடு' என எழுதிவிட இயலாது. ஆங்கிலச் சொல் மூன்று தளங்களிலும் வழங்க, 'பண்பாடு' மனத்தையும் சமூகத்தையும் மட்டுமே குறிக்கிறது. எனவே மொழிபெயர்ப்போர் முதலில் கேட்க வேண்டிய வினா, இங்கு வளர்க்கப்படுவது எது என்பதாகும்.

உயிர் வளரும் இடம்

வளர்க்கப்படுவது ஓர் உயிராயின், 'வளர்ப்பு' என்பதே உரிய சொல். தோட்டக்கலை என்னும் 'ஹார்ட்டிகல்ச்சர்', பட்டுப்புழு வளர்ப்பு என்னும் 'செரிகல்ச்சர்', நீர்வாழ் உயிரின வளர்ப்பு என்னும் 'அக்வாகல்ச்சர்' ஆகியன இவ்வகையின. செடியின் சிறு பகுதியிலிருந்து பல கன்றுகளை உருவாக்கும் 'டிஷ்யூ கல்ச்சர்' முறையைத் திசு வளர்ப்பு என்கிறோம். வாழைக்கன்றுகளை இம்முறையில் பெற்று நடும் உழவர் தமிழ்நாட்டில் பலர். சிப்பியினுள் கருப்பொருளை இட்டு உருவாக்கும் முத்தும் வளர்ப்பு முத்தே ஆகும். சப்பானைச் சேர்ந்த மிக்கிமோட்டோ 1893இல் இம்முயற்சியில் வெற்றி கண்டார்.

இவ்வகையில் பிழை நேரின் விளைவு கடுமையாகலாம். காய்ச்சல் தணியாத நோயாளிக்கு மருத்துவர் 'பிளட் கல்ச்சர்' செய்யுமாறு எழுதுகிறார். நோயாளியின் இரத்தத்தைச் சிறிதளவு எடுத்து, ஊட்டப்பொருள் நிறைந்த புட்டியில் இட்டு, கிருமி ஏதும் வளர்கிறதா என ஆய்வகத்தில் பார்ப்பர். வளர்ந்த கிருமியை எந்த மருந்து கட்டுப்படுத்தும் என்பதும் தொடர்ந்து ஆராயப்படும். இதனை 'இரத்தக் கிருமி வளர்ப்புச் சோதனை' என எழுதினால், சில நாள் காத்திருந்து ஏன் முடிவு பெற வேண்டும் என்பது நோயாளியின் குடும்பத்தார்க்குத் தானே விளங்கும். 'இரத்தப் பண்பாடு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எதுவும் விளங்காது. குலப்பெருமை பற்றிய பேச்சு எனப் பிழையாகவும் கொள்ளக்கூடும்.

சமூகம் வளரும் இடம்

மக்கள் கூடி வாழ்ந்து பெற்ற வழக்கங்களைக் குறிக்குமிடத்தில் 'பண்பாடு' பொருந்தும். அங்கும் சொல் நிற்கும் இடத்தை நோக்க வேண்டும். 'கல்ச்சர்' முதலில் நின்றால் அது அடையாகும். இறுதியில் நின்றால் அதுவே தலைமைச் சொல்லாகும். 'கல்ச்சர் ஷாக்' என்பது ஒருவகை அதிர்ச்சி. புதிய நாட்டிலோ ஊரிலோ வாழத் தொடங்குவோர், பழகிய வழக்கங்கள் இல்லாமையால் அடையும் தடுமாற்றமே அது. கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1950களில் இத்தொடரைப் பரவலாக்கினார். தமிழில் இது 'பண்பாட்டு அதிர்ச்சி' எனப்படும். 'ஒர்க் கல்ச்சர்' என்பதோ ஒருவகைப் பண்பாடு. ஆகவே 'பணிப் பண்பாடு' எனப்படும். 'பாப்புலர் கல்ச்சர்' வெகுமக்கள் பண்பாடு. 'கன்ஸ்யூமர் கல்ச்சர்' நுகர்வுப் பண்பாடு. பெருஞ்சமூகத்தினுள் ஒரு குழுவினர்க்கே உரிய 'சப்கல்ச்சர்' துணைப்பண்பாடு. நிலவும் மதிப்பீடுகளை எதிர்த்து எழும் 'கவுண்டர்கல்ச்சர்' எதிர்ப்பண்பாடு.

இக்கூட்டுகளை எழுதும்போது புணர்ச்சி விதியையும் கருத வேண்டும். 'பண்பாடு' உயிர்த்தொடர்க் குற்றியலுகரச் சொல். நன்னூல் விதிப்படி, வேற்றுமைப் புணர்ச்சியில் இத்தகைய சொல்லின் ஈற்றில் உள்ள டகரம் இரட்டும். ஆகவே 'பண்பாடு கூறு' என எழுதுவது பிழை. 'பண்பாட்டுக் கூறு' என்பதே சரி.

மதிப்பை உணர்த்தும் சொல்

ஆங்கிலத்தில் 'கல்ச்சர்' நன்மை தீமை இரண்டற்கும் பொதுவாக வழங்கும். தமிழில் 'பண்பாடு' பெரும்பாலும் உயர்வையே உணர்த்தும். பண்பாடு உடையவர் என்றால் அது பாராட்டாகும். அதனால்தான் இதழ்கள் 'இலஞ்சக் கலாச்சாரம்', 'வன்முறைக் கலாச்சாரம்' என எழுதுகின்றனவே தவிர, 'இலஞ்சப் பண்பாடு' என எழுதத் தயங்குகின்றன. இத்தயக்கம் மொழியுணர்வின் பாற்பட்டது, போற்றத்தக்கது.

எனினும் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கையூட்டைக் 'கலாச்சாரம்' என்னும்போது, அது ஒரு சமூகத்தின் பிறவிக் குணம்போலத் தோன்றுகிறது. வாங்கியவர் யார், தடுக்க வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. 'கையூட்டு வாங்கும் வழக்கம்' என்று எழுதினால், வழக்கத்தை மாற்றலாம் என்னும் எண்ணமும் உடன் எழும்.

பட்டும் பண்பாடும்

காஞ்சிபுரத்துப் பட்டு, மேற்கண்ட இருவகைப் பொருளையும் ஒருங்கே விளக்கும். இங்கு நெய்யப்படும் பட்டுநூலின் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் குசராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. பட்டுப்புழு வளர்ப்பு வேறிடத்துத் தொழில். அந்நூலைச் சேலையாக்கும் நெசவுப் பண்பாடு காஞ்சிபுரத்தது. 2005–06ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது, அவ்வூரோடு இணைந்த கைத்திறனை ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

'மெட்டீரியல் கல்ச்சர்' எனப்படும் பொருள்சார் பண்பாட்டில் சேலையும் தறியும் அடங்கும். கண்ணுக்குப் புலப்படாத திறன், வாய்மொழி அறிவு, சடங்கு முதலியன தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபு எனப்படும். இம்மரபைக் காப்பதற்கென்றே யுனெஸ்கோ 2003இல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. காஞ்சிபுரத்தின் கோர்வை நெசவு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு அவற்றை ஊடை வழியே பிணைத்து நெய்வதே கோர்வை. மரபான முறையில் நெசவாளருடன் மற்றொருவரும் தறியில் அமர்ந்து நாடாவை வாங்கி வீச வேண்டும். அருகமர்ந்து துணைசெய்தவரே பின்னர் நெசவாளராக வளர்ந்தார்.

சேலையை அருங்காட்சியகத்தில் பேணலாம். கோர்வை போடும் கையை அவ்வாறு பேண இயலாது. தறியில் அமர்வோர்க்கு உழைப்பிற்கேற்ற கூலியும் கற்க முன்வருவோர்க்கு வாய்ப்பும் இருந்தால்தான் அத்திறன் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்னும் தொடரில், பாதுகாக்க வேண்டியவற்றுள் பொருளோடு ஆளும் அடங்குவார் என்பதை மறத்தலாகாது. உழாத நிலம் தரிசாவதுபோல, பயிலாத திறனும் அழியும். 'கல்ச்சர்' என்பதன் உழவுப்பொருளும் பண்பாட்டுப்பொருளும் தம்முள் வேறானவை அல்ல என்பதை இங்கு உணரலாம்.

கற்பவை கற்றபின்

1. நாளிதழ்களில் 'கலாச்சாரம்', 'பண்பாடு' ஆகிய சொற்கள் இடம்பெறும் தொடர்களை ஒரு வாரம் தொகுத்து, அவை உணர்த்தும் மதிப்பை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. 'மோனோகல்ச்சர்', 'யூத் கல்ச்சர்', 'கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச்' ஆகியவற்றில் வளர்க்கப்படுவது எது என ஆராய்ந்து, உரிய தமிழ்த்தொடர்களை உருவாக்குக.

3. உம் ஊரில் வழங்கும் கைத்தொழில் ஒன்றன் கருவிப்பெயர்களையும் செயற்பெயர்களையும் தொழில்செய்வோரிடம் கேட்டுத் தொகுத்து எழுதுக.