வெள்ளைப் பொடி இல்லாத சம்பா

ஆவணி பிறந்தால் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வீட்டு வாசல்களில் பிளாஸ்டிக் அண்டாக்கள் வந்துவிடும். 30 கிலோ விதைநெல், 30 லிட்டர் தண்ணீர், 60 கிராம் வெள்ளைப் பொடி. கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். பத்து மணி நேரம் ஊறியதும் தண்ணீரை வடித்து, கோணியில் கட்டி, மேலே வைக்கோலைப் போட்டு மூடுவார்கள். மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். பொடியின் பெயர் கார்பன்டசிம். அப்படிக் கேட்டால் கடைக்காரருக்குத்தான் புரியும். ஊரில் அது எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் 'பவிஸ்டின்'தான்.

2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, மத்திய வேளாண் அமைச்சகம் 27 பூச்சி, பூஞ்சாண, களைக் கொல்லிகளைத் தடைசெய்ய வரைவாணை போட்டது. கார்பன்டசிம், மாங்கோசெப், திரம், கேப்டான் எல்லாம் பட்டியலில் இருந்தன. அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரியில், நெல் குலைநோய்க்கென்றே அடிக்கும் டிரைசைக்ளசோலுக்குத் தனி வரைவாணை. இரண்டும் அப்படியே நிறைவேறியிருந்தால் வில்லியனூர், பாகூர் நெல் விவசாயிக்கு விதை ஊறவைக்கும் மருந்தும் போயிருக்கும், கதிருக்கு அடிக்கும் மருந்தும் போயிருக்கும்.

குலைநோய் என்பது இங்கே வெறும் பெயரல்ல. கார்த்திகை மழை விட்டு மார்கழிப் பனி இறங்கும்போது இலையில் கண் மாதிரி ஒரு புள்ளி தெரியும்: நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. அதோடு நின்றால் தப்பித்தோம். கதிர் வெளிவரும்போது கழுத்தில் பிடித்தால் கணு கறுத்து, கதிர் ஒடிந்து தொங்கும். தூர நின்று பார்த்தால் வயல் விளைந்து வெளுத்ததுபோல இருக்கும், கையில் உருவினால் அத்தனையும் சாவி. சன்ன அரிசிக்கு விலை உண்டென்று எல்லோரும் விரும்பிப் போடும் பிபிடி 5204 இந்த நோய்க்குச் சட்டென்று இரையாகும் ரகம்.

டிரைசைக்ளசோல் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. இந்தப் பூஞ்சாணம் இலைமேல் கறுப்புச் சுவர் கொண்ட ஒரு சின்னப் பை கட்டி, அதற்குள் அழுத்தம் ஏற்றி, ஊசி குத்துவதுபோல இலையைத் துளைக்கிறது. மருந்து அந்தக் கறுப்பைச் சேரவிடாது. சுவர் பலமில்லாமல் அழுத்தம் கசிந்துவிடும். ஆகவே நோய் வருமுன் அடித்தால்தான் பலன். கழுத்து கறுத்தபின் டேங்க் டேங்காக அடிப்பது காசை வாய்க்காலில் விடுவது. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் பலர் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

இந்த மருந்துக்குச் சிக்கல் வந்தது பாசுமதியால். அரிசியில் எச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த அளவை ஐரோப்பிய ஒன்றியம் 0.01 ஆகக் குறைத்தது; பாசுமதிக்கு அது 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாப் அரசு பாசுமதிப் பயிருக்கு இதைத் தற்காலிகமாகத் தடைசெய்துவருகிறது. பாகூரில் பாசுமதி விளைவதில்லை. ஆனால் சட்டம் வந்தால் எல்லா வயலுக்கும் ஒன்றுதான்.

மருந்துக்கு வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. 2018 ஆகஸ்டில் பெனோமிலையும் பாதரச விதைநேர்த்தி மருந்தையும் தடைசெய்தது சரியே. ஆனால் ஒரு கூத்து: பெனோமில் பயிருக்குள் போனதும் கார்பன்டசிமாகத்தான் மாறும். தாய்க்குத் தடை, பிள்ளைக்கு அனுமதி!

27 பெயர்கள் கொண்ட பட்டியல் கடைசியில் என்னவாயிற்று? 2023இல் முழுமையாகத் தடையானவை மூன்றே: டைகோஃபால், மெத்தோமில், டைனோகாப். இடைப்பட்ட மூன்று வருடமும் எது இருக்கும், எது போகும் என்பது கடைக்காரர் சொன்னதுதான். 'இனிமே வராது' என்றால் கூடுதலாக நாலு பாக்கெட் வாங்கிவைப்பதைத் தவிர விவசாயி என்ன செய்வார்?

ஐரோப்பாவின் கோதுமைக்காரர்களுக்கும் இழப்பு உண்டு. நிலத்தடி நீரைக் கெடுக்கிறதென்று குளோரோதலோனிலுக்கு (நம் கடைகளில் 'கவச்') 2019இல் அனுமதியை நீட்டிக்க மறுத்தார்கள். 2020 மே 20 கடைசி நாள். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இலைப்புள்ளி நோய்க்கு அதுதான் மலிவான காவலாக இருந்தது. கசப்புதான். ஆனாலும் தேதி தெரிந்திருந்தது. தயாராக ஒரு வருடம் கிடைத்தது.

இங்கே மாற்றே இல்லை என்பதும் பொய். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும். ஆனால் அது உயிருள்ள சரக்கு. பழைய பாக்கெட் பயன்படாது, பூஞ்சாண மருந்தோடு கலக்கவும் கூடாது. பயிர் கரும்பச்சையாக நிற்கட்டும் என்று யூரியாவை அள்ளி வீசுவதைக் குறைத்தாலே குலைநோய் பாதி அடங்கும். மாற்று மருந்துகளும் உண்டு, விலைதான் ஏறும். குத்தகைக்கு ஒரு காணி உழுகிறவரைத்தான் அது முதலில் கடிக்கும்.

வேளாண் துறைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆடி முடிவதற்குள் ஒவ்வொரு உழவர் உதவியகப் பலகையிலும் எழுதிப் போடுங்கள்: இந்த சம்பாவுக்கு எந்த மருந்து உண்டு, எது இல்லை, அதற்குப் பதில் எது, கிலோவுக்கு எத்தனை கிராம். சாக்பீஸில் எழுதினாலும் போதும்.