நூலும் நூற்றவரும்

பிரான்சிய நாட்டுத் திறனாய்வாளர் உரோலன் பார்த் (1915–1980) ‘ஆசிரியனின் மரணம்’ என்னுந் தலைப்பில் வரைந்த சிறு கட்டுரை 1967ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் மறு ஆண்டிற் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது. நூலின் பொருளை ஆசிரியனது வாழ்க்கையிலும் உள்ளக்கருத்திலும் தேடும் வழக்கத்தை அது மறுத்தது. முன்னரே வழங்கும் பலவகை மொழிகளால் ஆகிய நெசவே பனுவல். அவ்விழைகளெல்லாம் ஒருங்கு கூடுமிடம் எழுதினோன் அல்லன், படிப்போனே என்பது அவர் கொள்கை. (ஆசிரியனை நீக்கிய அக்கட்டுரை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது!)

தமிழர்க்கு இஃது முற்றும் புதிதன்று. குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் அறியப்படவில்லை. பாட்டில் அமைந்த உவமைத்தொடரே அவரைச் செம்புலப்பெயனீரார் ஆக்கிற்று. அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்போரும் அவ்வாறே பெயர் பெற்றனர். பேராதனையிற் பயின்ற க. கைலாசபதி, சங்கச் செய்யுள்களை வாய்மொழி மரபின்வழி ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலும் 1968ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பனுவலை இழையாகக் காண்பதும் நமக்குப் பழமையானதே. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சு என்கின்றது. ஆயின் அஃது அத்துடன் நில்லாது, புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உருவகிக்கின்றது. நூற்ற கையைப் பவணந்தியார் மறந்தாரல்லர்.

இவ்வேறுபாட்டின் பயன், கலகெதர முதலாகக் கண்டிச் சீமையெங்கும் பரந்த தோட்டங்களை நோக்குவார்க்கு விளங்கும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. கோப்பிப் பழம் ஒன்று தப்பியமைக்காகச் சின்னத்துரையிடம் உதைபட்டதைக் கூறும் மலையகப் பாட்டை முதலிற் பாடியவர் யார்? அறிதற்கு வழியில்லை. பாடிய ஒவ்வொருவரும் அதனைத் தம் பாட்டாக்கினர் என்பதிற் பார்த்தின் கருத்து நன்கு பொருந்தும். எனினும், பெயரின்மையே இப்பாடல்களின் சிறப்பு என்று அவரைச் சான்றாக்கி எழுதுதல் பொருந்தாது. பாரிசில் ஆசிரியன் அரியணையில் வீற்றிருந்தான். அவனை இறக்குதல் படிப்போர்க்கு விடுதலையாயிற்று. தோட்டத்துப் பாடகிக்கு அவ்வரியணை என்றும் வாய்த்ததில்லை. அவள் பெயர் ஏறிய ஏடு செக்ரோல். அதிலும் அரைநாட் கூலிக்கு ‘அரைப்பேர்’ என்றே வழக்கு.

ஆதலின் இன்று இப்பாடல்களைப் பதிவு செய்யும் மாணவர், பாடினோர் இசைவு பெற்று, அவர் பெயர், தோட்டம், பாடிய நாள் ஆகியவற்றையும் பாட்டின் கீழ்க் குறித்தல் வேண்டும். அவர் அதனை முதலில் இயற்றியவர் அல்லராயினும், அன்று அதனை நூற்றவர் அவரே.