உஷார்! தலைசுற்றல் மாத்திரையால் கை நடுங்கும்!

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இன்றே அவர்களுடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். அட்டையில் சின்னரிசின், ஃப்ளூனரிசின் என்று இருந்தால், எத்தனை மாதமாகப் போடுகிறார்கள் என்று உடனே கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. எழுபதை நெருங்கும் வயது. தலைசுற்றலுக்கு டாக்டர் சில வாரத்துக்குத்தான் இந்த வகை மாத்திரை எழுதினார். "நல்லா கேக்குதே" என்று பழைய சீட்டையே மெடிக்கலில் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டார். முதலில் நடை தளர்ந்தது. பிறகு காபி டம்ளர் கையில் ஆடியது. எப்போதும் சிரிக்கிற முகம் அசைவே இல்லாமல் இறுகிப்போனது. "வயசாச்சில்ல" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்புறம் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி, அதற்கும் தனி மாத்திரை! கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் கேட்டார்: "வேற என்னம்மா மாத்திரை போடுறீங்க?" தலைசுற்றல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நடுக்கம் ஓயப் பல மாதம் ஆனது.

இது எங்கோ ஒருவருக்கு மட்டும் வருவதல்ல. சின்னரிசின், ஃப்ளூனரிசின் இரண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள். அதோடு நிற்பதில்லை. மூளையில் நம் அசைவுகளை நடத்தும் டோப்பமினின் வேலையையும் தடுக்கின்றன. அதனால்தான் அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே தெரியும். 1980களிலேயே மருத்துவ இதழ்கள் எச்சரித்துவிட்டன. முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபத்து அதிகம். ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற ஃப்ளூனரிசின், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும்.

வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு வேறு வகை மருந்து. ஆனாலும் இதே டோப்பமினில்தான் கை வைக்கிறது. 12 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஏன் தெரியுமா? நாக்கும் வாயும் தாமாகவே அசையும் கோளாறு வந்துவிட்டால், மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போவதே இல்லை.

கை நடுக்கம், காலை இழுத்து நடப்பது, நாற்காலியிலிருந்து எழத் திணறுவது, பேச்சு மெலிவது, உதட்டை ஓயாமல் சப்புவது, காரணமில்லாத மனச்சோர்வு. புது மாத்திரை தொடங்கிய பிறகு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வயசு என்று தள்ளாதீர்கள்!

பயந்துபோய் நீங்களாகவே எல்லா மருந்தையும் நிறுத்தவும் வேண்டாம். அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். "இதை இன்னும் எத்தனை நாள் போடணும்?" என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.