ஆய்வுக் கட்டுரையில் சான்று காட்டுதல்

ஆய்வுக் கட்டுரையில் சான்று காட்டும் முறை, சான்றின் வகைக்கேற்ப மாறும். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் பாலாறு மாசடைந்தது பற்றி எழுதுவதாகக் கொள்வோம்.

தீர்ப்பு: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், (1996) 5 எஸ்.சி.சி. 647. இதில் 5 தொகுதி எண். 647 தொடக்கப் பக்கம். உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 28.8.1996.

நூல்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம்.

நாளிதழ்: செய்தித் தலைப்பு, இதழின் பெயர், நாள், பக்கம்.

இணையப் பக்கம்: முகவரி, பார்த்த நாள்.

நேர்காணல்: இசைவு பெற்றுப் பேசியவர் பெயர், இடம், நாள்.

தீர்ப்பை நாளிதழ்வழி மட்டுமே அறிந்திருந்தால், நாளிதழையே சான்றாகக் காட்டுக. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது இத்தீர்ப்பு ஏற்ற நெறி. சான்றின்றி எழுதினால், கிணறு கெட்ட உழவரின் இழப்பு வெறும் புகாராகவே நின்றுவிடும்.