நேர்ச்சாலை, தெளிந்த வானம்

சாலை விபத்து என்றதும் கொண்டை ஊசி வளைவும் கொட்டும் மழையும்தான் நம் மனக்கண்ணில் வரும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு வேறு படத்தைக் காட்டுகிறது. அந்த ஆண்டு இந்தியாவில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில் நடந்தவை. பெரும்பாலானவை வானம் தெளிந்திருந்தபோது நடந்தவை. மோதிய விதங்களில் முதலிடம், முன்னால் இருந்த வண்டியின் முதுகில் போய் இடித்ததற்கு.

நாட்டில் நேர்ச்சாலையும் நல்ல வெயிலும்தானே அதிகம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வளைவைவிட நேர்ச்சாலை ஆபத்தானது என்று இந்த எண்கள் நிரூபிக்கவில்லை. நல்ல சாலை நம்மைக் காப்பாற்றிவிடும் என்ற நினைப்பைத்தான் உடைக்கின்றன. எதிரே, நேராக, மறைப்பே இல்லாமல் நிற்கிற ஒன்றின் மீது மனிதன் எப்படிப் போய் மோதுகிறான்?

சாவுகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே கணக்கு. எந்த விபத்தானாலும் படிவத்தில் ‘அதிவேகம்’ என்று எழுதிவிடுவது சுலபம் என்பதால் அந்த எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால் வேகம் செய்யும் வேலையை நம்பித்தான் ஆக வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு கார், 80 கி.மீ. வேகத்தில் இன்னொன்று, அருகருகே போகின்றன. மாடு ஒன்று குறுக்கே வருகிறது. இருவரும் ஒரே கணத்தில் அதைப் பார்க்கிறார்கள். கண்டது புரிந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் முதல் கார் 25 மீட்டரும் இரண்டாவது கார் 33 மீட்டரும் ஓடிவிடுகின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் முதல் கார் இன்னும் 20 மீட்டரில் நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்? 20 கி.மீ. என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் 65 வருகிறது.

அடுத்தது கண்ணின் கதை. நூறு கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். 200 மீட்டர் தள்ளி, டயர் வெடித்த லாரி ஒன்று நிற்கிறது. இரண்டரை மீட்டர் அகல முதுகு அந்தத் தூரத்தில், நீட்டிய கையின் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாகத் தெரியும். அது இரண்டு மடங்காக வளர மூன்றரை நொடிக்கு மேல் ஆகும். அந்த மெல்லிய வளர்ச்சி கண்ணில் படாது. லாரியும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே மனம் முடிவு கட்டிவிடும். 50 மீட்டரிலிருந்து 25க்கு வரும்போது அதே இரட்டிப்பு ஒரு நொடிக்குள் நடக்கிறது. லாரி திடீரென்று ஊதிப் பெருத்ததுபோல் தெரிகிறது. ‘எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை’ என்று பிழைத்தவர்கள் சொல்வது பொய்யல்ல.

இரவில் இது இன்னும் மோசம். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1970களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். நமக்குள் பார்வை இரண்டு வேலை செய்கிறது: வழி காட்டுவது ஒன்று, பொருளை அடையாளம் காண்பது மற்றொன்று. இருட்டில் இரண்டாவதுதான் வெகுவாக மங்குகிறது. முதலாவது அவ்வளவாகக் கெடுவதில்லை. கோட்டைப் பிடித்து வண்டி சுகமாகப் போவதால், எல்லாம் தெரிகிறது என்ற தைரியம் ஓட்டுநருக்கு வந்துவிடுகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவது ஐம்பது, அறுபது மீட்டர்தான். நூறு கி.மீ. வேகத்தில் நிற்கவோ கிட்டத்தட்ட நூறு மீட்டர் வேண்டும். வெளிச்சத்தைத் தாண்டி ஓடுகிறோம் என்று அர்த்தம்.

ஆகவே லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் வண்டி படுத்துவிட்டால், பின்னால் கல்லையும் வேப்பங்கிளையையும் போடுகிறீர்கள். இருட்டில் அவை யார் கண்ணுக்கும் தெரியாது. ஒளி பிரதிபலிக்கும் முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். கல்தான் கிடைத்தது என்றால், புறப்படும்போது அதை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.