உலாவியின் பெயர் முக்கியமல்ல, திறனே முக்கியம்

ஒரு பக்கத்தைக் கேட்கும்போது உலாவி சர்வருக்குச் சில ஹெடர் வரிகளையும் அனுப்புகிறது. தன்னால் எந்தச் சுருக்க முறைகளை விரிக்க முடியும் என்பதை ‘அக்செப்ட்-என்கோடிங்’ என்ற வரியில் அது சொல்லிவிடும். 1992-இல் வந்த ஜிஸிப் என்ற முறையை இன்றைய உலாவிகள் எல்லாமே அறியும். கூகுளில் உருவாகி 2016-இல் தரநிலையாக வெளியான ப்ராட்லி, வலைப்பக்கங்களில் அடிக்கடி வரும் சொற்களின் அகராதியைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் எழுத்துக் கோப்புகளை இன்னும் சிறிதாக்கும். ஆனால் முன்னணி உலாவிகள் எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டுமே அதை ஏற்கின்றன. எந்த முறையில் அனுப்புவது என்பதை ‘அக்செப்ட்-என்கோடிங்’ வரியைப் படித்துத்தான் சர்வர் முடிவெடுக்க வேண்டும். ‘யூசர்-ஏஜென்ட்’ வரியில் உள்ள பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

உலாவி சொல்வதை அப்படியே நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. நெட்ஸ்கேப் 4 என்ற பழைய உலாவி, ஜிஸிப் தெரியும் என்று சொல்லிவிட்டு எச்டிஎம்எல் அல்லாத கோப்புகளில் தடுமாறியது, 4.06 முதல் 4.08 வரையிலான பதிப்புகள் எச்டிஎம்எல்லிலும் தவறின. ஆகவே அந்த உலாவி தன்னைச் சொல்லிக்கொண்ட, ‘மொசில்லா/4’ என்று தொடங்கும் பெயர்களுக்குச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் விதியை அப்பாச்சி சர்வரின் கையேடு தந்தது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதே பெயரைச் சூடிக்கொண்டு வந்ததால், அதை விடுவிக்க இன்னொரு விதி எழுத வேண்டியதாயிற்று. பிழையான உலாவிகள் வழக்கொழிந்த பிறகும் அந்த விதிகள் பல சர்வர்களில் நகலாகிக்கொண்டே இருந்தன.

பெயரை நம்பும் வழக்கம் கேஷையும் கெடுக்கிறது. சர்வருக்கும் வாசகருக்கும் நடுவே உள்ள கேஷ், ஒருவருக்கு வந்த பதிலைச் சேமித்து அடுத்தவருக்கும் தருகிறது. ‘வேரி: அக்செப்ட்-என்கோடிங்’ என்று சர்வர் குறிப்பிட்டால், ப்ராட்லி பிரதி அதை விரிக்கத் தெரியாத உலாவிக்குப் போகாது, சில பிரதிகளே போதும். ‘வேரி: யூசர்-ஏஜென்ட்’ என்று எழுதினாலோ, ஒவ்வொரு பதிப்பின் பெயருக்கும் தனிப் பிரதி வேண்டும், சேமித்ததால் கிடைத்த பயன் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

சேமித்தது பழசாகிவிடாதா என்ற அச்சத்துக்கும் விடை இதே நெறியில் இருக்கிறது. உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் பெயரும் மாறும் கோப்புகளுக்கு ‘மேக்ஸ்-ஏஜ்’ என்ற சேமிப்புக் கால அளவாக 31536000 நொடிகள், அதாவது ஓராண்டு, தரலாம். எச்டிஎம்எல் பக்கத்துக்கு ‘நோ-கேஷ்’ போதும்: உலாவி தன்னிடமுள்ள பிரதியின் ‘ஈடேக்’ அடையாளத்தைச் சொல்லும்; அது மாறவில்லையெனில் சர்வர் உள்ளடக்கத்தை அனுப்பாமல் 304 என்று மட்டும் பதில் தரும். இங்கும் உலாவி தன் நிலையைச் சொல்கிறது, சர்வர் கேட்டு நடக்கிறது. இந்த ஒழுங்கைக் காக்கும் தளத்தில், நேற்று பிறந்த, பெயர் அறியாத உலாவிக்கும் குறையாத சேவை கிடைக்கும். பொதுவான வலைக்கு அந்தச் சமத்துவம் அவசியம்.