வைத்தியசாலைக் கழிவுநீரும் மலையக ஆறுகளும்

மத்திய மலைநாட்டிற் பெய்யும் மழை இரு பெரும் நதிகளுக்கு ஊட்டமாகின்றது. நானுஓயா கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலியைச் சேர்கின்றது. டிக்கோயாச் சரிவுகளின் நீரோ காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர்க் களனி கங்கையாக இறங்கி, அம்பத்தலையிலே சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மாந்தருக்குக் குடிநீராகின்றது. ஆதலின், மலையுச்சியில் நீரிற் கலக்கும் எப்பொருளும் தொலைவிலுள்ளோர்க்கும் உரியதாகும்.

தோட்ட மக்கள் நல்ல வைத்திய வசதிக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலை 2017ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. வைத்தியம் வளருந்தோறும் உடலின் உள்ளுறுப்புகளைப் படம்பிடிக்கும் கருவிகளும், அவற்றிற்குத் துணையாகும் இரசாயனங்களும் பெருகுதல் இயல்பே.

சீ.ரீ. ஸ்கான் எடுக்குங்கால் நாளத்திற் செலுத்தப்படுவது அயடீன் சேர்ந்த ஒரு திரவம். அயடீன் அணுக்கள் ஊடுகதிரை மறிப்பதால் இரத்தக் குழாய்கள் படத்தில் வெண்மையாகத் தோன்றும். ஒருமுறை செலுத்தும் மருந்தில் ஏறத்தாழ 30 கிராம் அயடீன் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்கிரோகிராமே. அஃதாவது 2 இலட்சம் நாளுக்குரியது ஒரே ஊசியிற் சென்றுவிடுகின்றது! உடல் அதனை ஏற்பதுமில்லை, மாற்றுவதுமில்லை. ஒரு நாளுக்குள் அநேகமாக முழுவதும் சிறுநீரோடு வெளியேறும். உடலைத் தாக்காதிருக்கும் பொருட்டு உறுதியாக ஆக்கப்பட்ட அம்மூலக்கூறு, அவ்வுறுதி காரணமாகவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் எளிதிற் சிதைவதில்லை. வைத்தியனுக்கு நற்குணமானது ஆற்றுக்குத் தீக்குணமாயிற்று.

எம்.ஆர்.ஐ. படத்திற்குதவும் கடோலினியத்தின் கதையும் இத்தகையதே. 1996ஆம் ஆண்டில் பௌ, துல்ஸ்கி என்னும் ஜேர்மானிய ஆய்வாளர், பாறைகளிலிருந்து இயல்பாகக் கரைந்துவரும் அருமண் உலோகங்களின் வரிசையிற் கடோலினியம் மட்டும் ஆற்றுநீரில் மிகுந்திருத்தலைக் கண்டனர். அம்மிகை வைத்தியசாலைகளின் சுவடென அறியப்பட்டது.

ஆற்றிற் காணப்படும் நுண்ணளவில் இவை நேரே நஞ்சாகும் என அஞ்சுதல் மிகையே. எனினும் அயடீன் மருந்துகளுள் ஒன்றாகிய அயோபமிடோல், குளோரீனுடன் சேருங்கால் அயடீன் கலந்த நச்சுத் துணைப்பொருள்களைத் தோற்றுவிக்கின்றமை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றாற் புலனாயிற்று. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரீனே இவ்வாறு கேடு செய்தல் விந்தைதான்.

இதற்காகப் படமெடுப்பதைக் குறைத்தல் பேதைமை. ஜேர்மனியில் ரூர் ஆற்றையடுத்த மூல்கைம் நகரில் நோயாளருக்குச் சிறுநீர் சேகரிக்கும் பைகள் வழங்கிப் பார்த்தனர். அவை வீட்டுக் குப்பையோடு எரியுலைக்குச் சென்றன. லயத்துக் குப்பைக்கு அத்தகைய எரியுலை ஏது? ஆகவே சேகரிப்பு வைத்தியசாலையிலேயே நிகழ்தல் வேண்டும். சிறுநீரகம் செவ்வையாக உள்ளவரிடத்து இம்மருந்திற் பாதி ஏறத்தாழ 2 மணி நேரத்தில் வெளியேறும். 4 மணி நேரத்தில் முக்காற்பங்கு நீங்கிவிடும். தூரத் தோட்டத்திலிருந்து வருபவர் பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுது பலமுறை இவ்வளவுதான்.